காந்தம் இருக்கட்டும் தம்பி, அந்த '2+' என்ன ஆயிற்று?

ஏற்காட்டிலிருந்து வந்த கடிதம் இது. எழுதியவருக்கு வயது 36. காபித் தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதுகிறார். அவருடைய அக்காவுக்கு 46. கணவர் இறந்தபின் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருந்துகொண்டு, கொலுசுப் பட்டறைகளுக்கு வீட்டிலேயே சலங்கை கோர்த்துக் கொடுத்து மகளைப் படிக்க வைத்தவர். மூன்று வருஷத்துக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்து, 'சிவப்பு மருந்து' உட்படக் கீமோவையும் முடித்திருக்கிறார்கள். இந்த ஆனி மாதம் எடுத்த ஸ்கேனில் ஈரலில் இரண்டு இடங்களில் நோய் பரவியிருப்பது தெரிந்தது. இப்போது தம்பி வீட்டில் தங்கி, வாராவாரம் சேலத்துக்கு இறங்கி வந்து கீமோ ஏற்றிக்கொள்கிறார். நான்காவது வாரம் "இனிமேல் ஊசி வேண்டாம், என்னை விட்டுடு" என்று சொல்லிவிட்டாராம்.

இந்த நேரம் பார்த்து ஓர் ஏஜென்ட் வந்திருக்கிறார். வெளிமாநில நகரம் ஒன்றில் இருக்கும் ஒரு மையத்தில், நோய் எதிர்ப்புச் செல்களுக்குள் காந்த நானோ துகளையும் மருந்தையும் ஏற்றி, வெளியே காந்தம் வைத்து இழுத்து, கட்டிக்குள் மட்டும் மருந்தை இறக்குவார்களாம். கீமோ கிடையாது, பக்க விளைவு கிடையாது. மொத்தம் 18 லட்சம். ஐம்பதாயிரம் முன்பணம் கொடுத்தாகிவிட்டது. மீதிக்கு, அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கர் காபி, மிளகு நிலத்துக்கு ஆள் பார்த்து வைத்திருக்கிறார். பெரியப்பாவோ, "கஞ்சமலையிலேயே காந்தக் கல் கிடக்குது, காந்தச் செந்தூரம் கொடுத்தா அதே வேலைதான்" என்கிறார். அக்காவிடம் ஈரல் விஷயத்தைச் சொல்லவில்லை. 'பழையது திரும்பாமல் இருக்கப் போடும் ஊசி' என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். சிகிச்சை உண்மையா, நிலத்தை விற்கலாமா, செந்தூரம் கொடுக்கலாமா என்று கேட்டு, ரிப்போர்ட் நகல்களையும் அனுப்பியிருக்கிறார்.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், ரிப்போர்ட்டுகளை மூன்று முறை. ரிப்போர்ட்டில் ஓர் இடம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆனால் உங்கள் மனம் முழுக்க அந்தக் காந்தத்தில்தான் இருக்கிறது. அதை முதலில் பேசிவிடுவோம்.

அந்த ஏஜென்ட் முழுப் பொய் சொல்லியிருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும். அவர் சொன்னதில் பாதி உண்மை. இப்படி ஓர் ஆராய்ச்சி உலகத்தில் நடக்கிறது, நல்ல விஞ்ஞானிகள்தான் செய்கிறார்கள். காரணமும் நியாயமானது. கட்டியின் நடுப்பகுதியில் ரத்தக் குழாய்கள் சரியாக இருக்காது, ஆக்சிஜன் போதாது. சாதாரண மருந்து அங்கே நுழையத் திணறும். ஆனால் மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணு வகை அந்த மாதிரி இடத்தைத்தான் தேடிப் போகும். அது எதைக் கண்டாலும் விழுங்கும் குணமும் கொண்டது. அப்படியானால் அதற்கே நானோ துகளைத் தீனியாகக் கொடுத்து, வழி தெரிந்த ஆள் கையில் பொட்டலத்தைக் கொடுத்து அனுப்புவதுபோல அனுப்பினால் என்ன என்பதுதான் யோசனை. துகள் இரும்பு ஆக்ஸைடாக இருந்தால், காந்தத்தால் கொஞ்சம் திசையும் காட்டலாம்.

2015இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இரும்புத் துகளும் புற்றுநோய்ச் செல்லைத் தாக்கும் வைரஸும் ஏற்றிய மேக்ரோஃபேஜ்களை, எம்ஆர்ஐ கருவியின் காந்தப்புலத்தைக் கொண்டே கட்டியை நோக்கி நகர்த்திக் காட்டினார்கள். 2021இல் சீன ஆய்வாளர்கள் நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வெள்ளணுவுக்குள் பாக்லிடாக்சல் மருந்தையும் காந்தத் துகளையும் ஏற்றி, மூளைக் கட்டி வரை கொண்டுபோனார்கள். அந்தத் துகளுக்கு மேல் பாக்டீரியாவின் தோலைப் போர்த்திவிட்டார்கள். கிருமி என்று நம்பி வெள்ளணு அதை விழுங்கிவிட்டது. படிக்கும்போது எனக்கே சிரிப்பும் பிரமிப்பும் சேர்ந்து வந்தது. இரண்டு ஆய்வுமே நடந்தது எலிகளில்.

இரண்டாவது ஆய்வில் இருந்த மருந்தின் பெயரைக் கவனித்தீர்களா? பாக்லிடாக்சல். உங்கள் அக்காவுக்கு வாராவாரம் ஏறும் மருந்தும் அதுதான். ஆக, 'கீமோ கிடையாது' என்பது முதல் தவறு. இந்த ஆராய்ச்சிகளில் பெரும்பாலும் ஏற்றி அனுப்புவது கீமோ மருந்தையே. சரக்கு பழசு, வண்டிதான் புதுசு. இன்னொன்றும் சொல்கிறேன், ஆச்சரியப்படாதீர்கள். நீங்கள் அனுப்பிய பில்லில் இருப்பது ஆல்புமின் புரதத்தோடு பிணைத்த பாக்லிடாக்சல். சுமார் 130 நானோமீட்டர் அளவுத் துகள். அமெரிக்காவில் 2005லேயே அனுமதி பெற்றது. பதினெட்டு லட்சம் கொடுத்துத் தேடிப் போகும் நானோ மருந்தில் ஒரு வகை, சேலத்திலேயே உங்கள் அக்காவின் கையில் ஏறிக்கொண்டிருக்கிறது.

காந்தம் எதுவரை இழுக்கும்?

எலிக்கும் மனிதருக்கும் உள்ள தூரத்தை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. ஆய்வகத்து எலி இருபது, இருபத்தைந்து கிராம். அதன் உடம்பில் எந்தக் கட்டியும் தோலிலிருந்து ஓரிரு சென்டிமீட்டரில் இருக்கும். மனிதரின் ஈரல் விலா எலும்புக்கு உள்ளே இருக்கிறது. காந்தத்தின் இழுவை தூரம் கூடக் கூடச் சட்டென்று குறைந்துவிடும். வீட்டில் ஒரு காந்தத்தையும் குண்டூசியையும் வைத்துப் பாருங்கள். ஒட்டும் தூரத்துக்கும் ஒட்டாத தூரத்துக்கும் நடுவே ஒரு விரல்கடைதான் இருக்கும். அதோடு ரத்த ஓட்டம் வேறு எதிர்த்துத் தள்ளும்.

மனிதர்களிலும் முயன்றிருக்கிறார்கள். 1996இல் ஜெர்மனியில் 14 நோயாளிகளுக்கு, எபிரூபிசின் என்ற கீமோ மருந்தைக் காந்தத் துகளில் ஒட்டிச் செலுத்தி, வெளியே வலுவான காந்தம் வைத்தார்கள். பெரிய தீங்கில்லாமல் தாங்கிக்கொண்டார்கள். ஆனால் மருந்து எல்லாருக்கும் கட்டிக்குப் போய்ச் சேரவில்லை. அதிலும் வெள்ளணுக்கள் இல்லை, வெறும் துகள்தான். 2010இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்த காந்த நானோ சிகிச்சை ஒன்று உண்டு; அது மூளைக் கட்டிக்குள் துகளை நேராக ஊசியில் செலுத்தி, மாறும் காந்தப்புலத்தால் சூடாக்குவது. அதில் மருந்தும் இல்லை, வெள்ளணுவும் இல்லை. வெள்ளணு, காந்தம், மருந்து மூன்றையும் சேர்த்து ஈரலுக்குப் பரவிய மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்க அனுமதி பெற்ற சிகிச்சை இந்தியாவில் இல்லை.

"துகள் எப்படியும் ஈரலுக்குத்தான் போகுமாம், அக்காவுக்கும் ஈரலில்தானே" என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கேதான் ஏஜென்ட் கெட்டிக்காரர். இரும்புத் துகள் ஈரலுக்குப் போவது உண்மை. ஆனால் அதை அங்கே பிடித்து வைத்துக்கொள்வது ஈரலின் நல்ல பகுதியில் இருக்கும் காவல் செல்கள். பரவிய கட்டியில் அந்தச் செல்கள் இல்லை. ஒரு காலத்தில் இதே இரும்புத் துகளை எம்ஆர்ஐ எடுப்பதற்காகவே ஊசியில் போடுவோம். நல்ல ஈரல் கறுத்துத் தெரியும், கட்டி மட்டும் வெளுப்பாக நிற்கும். அப்படியானால் அந்தத் துகளில் மருந்தை ஒட்டி அனுப்பினால் அது யாரைத் தாக்கும்? யோசித்துப் பாருங்கள்.

பொதுவாகவே நானோ துகளில் எவ்வளவு கட்டிக்குப் போய்ச் சேருகிறது என்று டொரன்டோ ஆய்வாளர்கள் பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டி 2016இல் கணக்குப் பார்த்தார்கள். செலுத்திய அளவில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, 0.7 சதவீதம். வெள்ளணுவை வண்டியாக்கும் யோசனையே இந்தத் தோல்வியிலிருந்து பிறந்ததுதான். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கட்டிக்குள் போன மேக்ரோஃபேஜ் பல சமயம் கட்சி மாறிவிடும். கட்டிக்குப் புது ரத்தக் குழாய் வளர உதவி செய்யும். சரியான ஆய்வகம் இல்லாமல் ரத்தத்திலிருந்து வெள்ளணுவை எடுத்து, வளர்த்து, திரும்ப ஏற்றினால் கிருமித்தொற்றும் சேர்ந்து ஏறலாம். உடம்பில் இரும்புத் துகள் தங்கிவிட்டால், அடுத்து எம்ஆர்ஐ எடுத்துப் படம் பார்ப்பதும் குழப்பமாகும்.

ஏஜென்ட் காட்டிய செய்தித்தாள் நறுக்கு, மும்பை ஐஐடியும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய கார்-டி சிகிச்சை (நோயாளியின் வெள்ளணுவையே எடுத்து மாற்றியமைத்துத் திரும்ப ஏற்றுவது) பற்றியது. அது 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற நிஜமான சாதனை. ஆனால் சில வகை ரத்தப் புற்றுநோய்களுக்கானது. அதில் காந்தமும் கிடையாது, மார்பகப் புற்றுநோய்க்கும் அது இல்லை.

அந்தப் பதினெட்டு லட்சம்

ஏஜென்டிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது ஆராய்ச்சியா, அனுமதி பெற்ற சிகிச்சையா? அனுமதி பெற்றது என்றால் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதிக் கடிதத்தைக் காட்டட்டும். ஆராய்ச்சி என்றால், 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின்படி, இந்தியாவின் மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அதற்கு ஓர் எண் இருக்க வேண்டும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்க வேண்டும். சோதனை மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்குவதில்லை. சோதனையால் பாதிப்பு வந்தால் மருத்துவமும் இழப்பீடும் அவர்கள் தர வேண்டும். "ஆராய்ச்சிதான் சார், ஆனா பதினெட்டு லட்சம்" என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு இப்போதே எழுத்தில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் பேச்சுகளை அழித்துவிடாதீர்கள். தரவில்லையென்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். புற்றுநோயைக் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்வதையே தடுக்கும் சட்டம் 1954லிருந்து இருக்கிறது. அவர்கள் கொடுத்த துண்டுப் பிரசுரத்தைப் பத்திரமாக வையுங்கள்.

நிலத்தைப் பற்றி நான் சொல்ல உரிமையில்லை. ஆனால் இதற்காக விற்க வேண்டாம். அக்காவுக்கு இனி மாதக்கணக்கில், நல்லபடியாகப் போனால் வருஷக்கணக்கில் மருத்துவம் தேவைப்படும். அந்த மிளகுக் காசு போக்குவரத்துக்கும் ஸ்கேனுக்கும் பால் பழத்துக்கும் ஆகும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை அவருக்கு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும், கீமோவும் அதில் வரும். மருத்துவமனையில் காப்பீட்டுத் திட்ட மேசை எங்கே என்று கேட்டு, நாளைக்கே போய் உட்காருங்கள்.

பெரியப்பாவின் செந்தூரம்

பெரியப்பா சொல்வதை நான் கேலி செய்ய மாட்டேன். கஞ்சமலையில் கிடப்பது மேக்னடைட் என்ற காந்த இரும்புத் தாது. ஆய்வகத்தில் செய்யும் நானோ துகளும் வேதியியல்படி பெரும்பாலும் அதே பொருள்தான். அந்த அளவில் அவர் பார்வை கூர்மையானது. (ஊருக்கு வெளியே வெள்ளையாகத் தெரியும் மேக்னசைட்டையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. அதில் காந்தம் துளியும் இல்லை.) ஆனால் செந்தூரத்தை வாயில் போட்டால் அது வயிற்றுக்குப் போகிறது. அதில் வெள்ளணுவும் இல்லை, மருந்தும் ஏற்றப்படவில்லை, கட்டியின் முகவரியும் அதற்குத் தெரியாது. சித்த மருத்துவர்கள் அதை முக்கியமாக ரத்தசோகைக்குத்தான் தருகிறார்கள். அக்காவுக்கு ஈரலில் நோய், ஈரல் வழியாக வெளியேறும் கீமோ வேறு நடக்கிறது. இந்த நேரத்தில் உலோக மருந்து எதையும் கீமோ டாக்டருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்க வேண்டாம், சொல்லிவிடுங்கள். டாக்டர் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

என்னை உறுத்திய இடம்

மூன்று வருஷத்துக்கு முந்தைய திசுப் பரிசோதனை ரிப்போர்ட், இரண்டாவது பக்கம், கீழே. ஈஸ்ட்ரோஜன் நெகட்டிவ், புரோஜெஸ்டிரோன் நெகட்டிவ், அதாவது ஹார்மோனை நம்பி வளரும் வகை இல்லை. அடுத்த வரி: ஹெர்-2, '2+', ஃபிஷ் பரிசோதனை செய்து உறுதிப்படுத்தவும். அந்தப் பரிசோதனை முடிவு நீங்கள் அனுப்பியவற்றில் எங்கும் இல்லை. "அப்போ காசு பத்தலை, அப்புறம் யாரும் கேக்கலை" என்று கடிதத்தின் ஓர் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்களே, அது இதைத்தானா?

ஹெர்-2 என்பது சில புற்றுநோய்ச் செல்களின் மேற்பரப்பில் அளவுக்கு மீறி முளைத்திருக்கும் ஒரு புரதம். பூஜ்யமும் 1+உம் வந்தால் நெகட்டிவ், 3+ வந்தால் பாசிட்டிவ். 2+ என்றால் அந்தப் பரிசோதனையால் சொல்ல முடியவில்லை என்று பொருள். மரபணுவை எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் பரிசோதனை செய்தாக வேண்டும். அதைச் செய்யாமல் விட்டதால், உங்கள் அக்காவுக்கு எந்த வகை நோய் என்றே இன்னும் யாருக்கும் முழுசாகத் தெரியாது.

பாசிட்டிவ் என்று வந்தால் கதையே மாறும். நீங்கள் தேடும் 'குறிபார்த்துப் போகும் மருந்து' அங்கே நிஜமாகவே இருக்கிறது. டிராஸ்டுசுமாப் என்ற எதிரணு (ஆன்டிபாடி, குறிப்பிட்ட ஒன்றில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் புரதம்) ஹெர்-2வைத் தேடிப் பிடிக்கும். இந்தியாவிலேயே தயாரிப்பதால் விலை முன்னைவிட எவ்வளவோ குறைந்திருக்கிறது. அதோடு பெர்டுசுமாப் என்ற இன்னொரு எதிரணு, ஒரு கீமோ என்று மூன்றும் சேர்த்துக் கொடுத்த பெரிய ஆய்வில், நோய் பரவிய பெண்களில் பாதிப் பேர் நான்கரை ஆண்டுகளைத் தாண்டி வாழ்ந்தார்கள். அடுத்த படியாக, அந்த எதிரணுவின் முதுகிலேயே கீமோ மருந்தைக் கட்டி அனுப்பும் ஊசியும் வந்துவிட்டது. அது செல்லுக்குள் போனபிறகுதான் மருந்தை அவிழ்க்கும். காந்தமே தேவையில்லை. ஃபிஷ் நெகட்டிவ் என்று வந்தாலும், 2+ உள்ளவர்களில் அதே ஊசி சிலருக்குப் பயன்படுவதை 2022இல் காட்டியிருக்கிறார்கள். விலை இன்னும் கைக்கெட்டாத உயரத்தில்தான் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஃபிஷ் பாசிட்டிவாகத்தான் வரும் என்று நம்பிக்கொண்டும் இருக்காதீர்கள். 2+ உள்ளவர்களில் பலருக்கு நெகட்டிவ்தான் வருகிறது. ஆனால் பார்க்காமல் விடுவதற்கு மன்னிப்பே கிடையாது. முடிந்தால் ஈரல் கட்டியிலிருந்தும் ஊசியில் திசு எடுத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள்; மூன்று வருஷத்தில் நோயின் குணம் மாறியிருக்கலாம்.

அக்கா ஏன் வேண்டாம் என்கிறார்?

வாந்தி என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மருந்துக்கு வாந்தி அவ்வளவு அதிகமில்லை. கீமோ ஏற்றிய அன்றே இருபது கொண்டை ஊசி வளைவில் பஸ் ஏறினால் திடமான ஆளுக்கே குமட்டும். அன்று இரவு மட்டும் செவ்வாய்ப்பேட்டையில் தெரிந்தவர் வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் மேலே போங்கள். வாந்தி மாத்திரையைக் குமட்டிய பிறகு போடாமல் முன்கூட்டியே போட வேண்டும்.

ஆனால் எனக்குச் சந்தேகம் வேறு இடத்தில். "விரல் மரத்துப்போச்சு, சலங்கை கையில் நிக்க மாட்டேங்குது" என்று அவர் சொன்னதை நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். பாக்லிடாக்சல் நரம்பை மரக்கவைக்கும். இருபது வருஷமாக விரலை நம்பிப் பிழைத்த ஒருத்திக்கு அது சின்ன விஷயமா? டாக்டரிடம் இதைச் சொன்னால் மருந்தளவைக் குறைக்கலாம், ஒரு வாரம் தள்ளலாம், மருந்தையே மாற்றலாம். சொல்லாமல் விட்டால் மரப்பு நிரந்தரமாகக்கூடும். அதுவரை அடுப்பிலும் சுடுநீரிலும் கவனம். சுடுவது உடனே தெரியாது.

அவரிடம் உண்மையைச் சொல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். தடுப்பு ஊசி என்று நினைப்பவர் இவ்வளவு கஷ்டப்பட்டு அதை ஏன் போட்டுக்கொள்ள வேண்டும்? அவர் மறுப்பதில் தவறே இல்லை. எந்தச் சிகிச்சைக்கும் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். அந்த நிலத்தைப் பற்றியும் அவருக்கு ஒரு சொல் இருக்கும். "அக்கா, ஸ்கேன்ல என்ன வந்துச்சுன்னு உனக்குத் தெரியணுமா?" என்று கேட்டு ஆரம்பியுங்கள். எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை அவரே சொல்லுவார். பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும், பாருங்கள். மகள் கூட இருப்பது நல்லது.

மலையில் இருப்பதால் இன்னொன்று. கீமோ நாட்களில் வெள்ளணு குறையும். உடம்புச் சூடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் கஷாயம், பாரசிட்டமால் என்று விடியும்வரை காத்திருக்க வேண்டாம். நடுராத்திரியானாலும் சேலத்துக்கு இறங்கிவிட வேண்டும். தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். ராத்திரி வரக்கூடிய கார்க்காரர் நம்பர் ஒன்றைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

முதல் போன் யாருக்கு என்றால், அந்தப் பழைய திசுப் பரிசோதனை செய்த லேபுக்கு. ரிப்போர்ட்டின் மேலே வலது பக்கம் ஓர் எண் இருக்கிறது. அதைச் சொல்லி, "எங்க அக்காவோட மெழுகு பிளாக் இன்னும் இருக்குங்களா, ஃபிஷ் பாக்கணும்" என்று கேளுங்கள். அன்று எடுத்த கட்டித் திசுவை மெழுகில் பதித்து வைத்திருப்பதுதான் அந்தப் பிளாக். இருக்கிறது என்றால் எழுதிக் கொடுத்து வாங்கி, அக்காவின் டாக்டர் சொல்லும் ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுங்கள். முடிவு வந்ததும், எதுவாக இருந்தாலும், எனக்கும் ஒரு நகல் போடுங்கள்.